எஞ்சின் நின்ற பிறகு

வில்கமுவவிலிருந்து மேற்கே நோக்கினால் நக்கிள்ஸ் மலைத்தொடர் மதிலென எழுந்து நிற்கும். கிழக்கே மகாவலியும் வஸ்கமுவ வனமும். இடையில் உள்ளவை வயல்கள். விமானத்தளம் இங்கே இல்லை. மாத்தளை மாவட்டத்தின் விமானத்தளம் சீகிரியாவில் இருக்கிறது. இவ்வூருக்கு மேலே பறக்கும் ஒரு சிறு விமானத்தின் ஒற்றை எஞ்சின் நின்றுவிட்டால் அதன் கதி என்ன?

கல்லைப்போல் விழுந்துவிடும் என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். உண்மை வேறு. நால்வர் அமரும் செஸ்னா 172 விமானம் எஞ்சின் இன்றியும் மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில் வழுக்கிச் செல்லும். தரைக்கு மேல் 3,000 அடி உயரத்தில் இருந்தால், காற்று வீசாத வேளையில், ஏறக்குறைய 8 கிலோமீற்றர் தூரம் போகலாம். விமானிக்குக் கிடைக்கும் அவகாசம் நான்கு நிமிடம். வயல் ஒன்றைத் தெரிந்தெடுக்க அது போதும்.

2021 டிசம்பரில் நீர்கொழும்பை அடுத்த கிம்புலாப்பிட்டியவில் இவ்வகை விமானம் ஒன்று வயல்வெளியில் அவசரமாக இறங்கிற்று. அதிலிருந்த நால்வரும் காயமுற்றனர், நால்வரும் பிழைத்தனர்.

அப்படியாயின் உயிர்கள் போவது எதனால்? தெரிந்தெடுத்த இடம் எட்டாது போலத் தோன்றும்போது விமானியின் கை தானாகவே மூக்கை மேலே தூக்கப் பார்க்கிறது. தூரம் கூடாது, வேகமே குறையும். மணிக்கு 90 கிலோமீற்றர் அளவுக்குக் கீழே போனால் இறக்கைகள் தாங்கும் வலுவை இழக்கின்றன. தாழ்வான உயரத்தில் ஓடுபாதையை நோக்கிச் சடுதியாகத் திரும்புவது இன்னும் பொல்லாதது. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும் விமானத்துக்கு அந்த எல்லை 126 கிலோமீற்றராக உயர்ந்துவிடுகிறது. வழுக்கிச் செல்லும் வேகமோ 120 தான்! கணக்குத் தெரிந்தவரும் அவ்வேளையில் அதை மறந்துவிடுகின்றனர். விமானத்தைச் சேதமின்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்ற ஆசை அத்துணை வலியது. அதன் விலை தெரிந்தவர்க்கு அவ்வாசையைப் பழிக்கவும் மனம் வராது.

எஞ்சின் நிற்பதற்குக் காரணங்கள் பல. எரிபொருள் தீர்ந்துபோவது, நம்பக் கூடாததாயினும், அடிக்கடி நிகழ்வது. மற்றொன்று வியப்பானது. ஈரக்காற்று எஞ்சினின் கார்புரேட்டரினுள் புகுகையில் திடீரெனக் குளிர்ந்து பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைத்துவிடும். வெளியே 25 பாகை வெப்பம் இருப்பினும் இது நேரும். இறங்குவதற்காக விசையைக் குறைக்கும் வேளையிலேயே இவ்வபாயம் மிகுதி. வெப்பக்காற்றை உட்செலுத்தும் பிடியை உரிய காலத்தில் இழுத்தால் கட்டி உருகிவிடும்.

வயலில் இறங்குபவர் வரம்புக்குக் குறுக்கே இறங்கலாகாது. சக்கரம் வரம்பில் மோதினால் விமானம் குப்புறக் கவிழும். நீண்ட வரம்பை ஒட்டியே இறங்கவேண்டும். எரிபொருட் குழாயை முன்னதாக அடைத்துவிடவேண்டும். தரையைத் தொடுமுன் கதவுகளின் தாழையும் நீக்கிவிடுவர். மோதலிற் சட்டம் நெளிந்தபின் கதவு திறவாது.