வாப்பாவின் மணிக்கூட்டுக்குப் பெயின்ற் அடித்த கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய கைமணிக்கூடு வைத்திருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

வாப்பா 1978இல் ஜித்தாவில் வேலை செய்யும்போது வாங்கிய சீக்கோ 6139 ஒன்று எங்களிடம் இருக்கிறது. குரோனோகிராஃப் வகை. பக்கப் பொத்தானை அமத்தினால் பெரிய நொடிமுள் ஓடும், திரும்ப அமத்தினால் நிற்கும், கீழே ஒரு சின்ன வட்டம் நிமிடத்தை எண்ணும். 1990 ஒக்டோபர் 30 எங்களை யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றிய நாள். அன்று அந்த மணிக்கூடு திருத்த வேலைக்காகக் கொழும்பில் மாமாவிடம் இருந்தது. அதனால்தான் தப்பியது. வீட்டுப் படங்கள், பாத்திரம் பண்டம், உம்மாவின் நகை எல்லாம் போயிற்று. 90க்கு முந்திய எங்கள் குடும்பத்தின் ஒரே பொருள் அதுதான்.

போன மாதம் நொடிமுள் இறுகிவிட்டது. பண்ணைப் பாலம் தாண்டி ஒரு கடையில் கொடுத்தேன். முள்ளை மட்டும் சரி பார்க்கச் சொன்னேன். திரும்பப் போனபோது அவர் சந்தோசமாகச் சொன்னார்: "சேர், டயல் பழசாய்ப் போச்சு. புதுசு மாதிரி அடிச்சு வைச்சிருக்கிறன். வடிவாய் இருக்குப் பாருங்கோ."

பார்த்தேன். வடிவாய்த்தான் இருந்தது. ஆனால் அது வாப்பாவின் மணிக்கூடு இல்லை.

எது போனது என்று சொல்கிறேன். பழைய டயலின் தங்க மஞ்சள் வெறும் நிறமல்ல. நடுவிலிருந்து விளிம்புக்கு சூரியக் கதிர் போல மிக மெல்லிய கோடுகள் தகட்டில் இழுக்கப்பட்டிருந்தன. கையைத் திருப்பினால் ஒளி அந்தக் கோடுகளில் விசிறி போலச் சுழலும். நிமிட வட்டம் கொஞ்சம் பள்ளமாக, உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக நுண்ணிய வளையங்களோடு இருந்தது. ஆறு மணிக்குக் கீழே விளிம்பில் மயிர் அளவு எழுத்தில் டயலின் இலக்கம் இருந்தது. நாலு மணிக்குப் பக்கத்தில் எங்கள் உப்புக் காற்று வைத்த மண்ணிறப் புள்ளி ஒன்று இருந்தது. சின்ன வயதில் வாப்பாவின் மடியில் இருந்து அந்தப் புள்ளியைத்தான் நான் விரலால் தொடுவேன்.

இப்போது கோடுகள் பெயின்றுக்குள் மூடிக் கிடக்கின்றன. வளையங்கள் நிரம்பிவிட்டன. எழுத்துகள் தடித்துப் போய், ஒரு சொல் கொஞ்சம் சாய்ந்தும் நிற்கிறது. திகதிச் சன்னலின் ஓரத்தில் பெயின்ற் திரண்டிருக்கிறது. புள்ளியும் இல்லை.

கடைக்காரரை நான் குற்றம் சொல்லவில்லை. அவர் எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார். குற்றம் நம் எல்லாருடைய மனதிலும் இருக்கிறது. பழசு என்றால் அசிங்கம், மினுங்கினால்தான் வடிவு என்று நாம்தான் அவருக்குப் பழக்கியிருக்கிறோம்.

சிலர் கேட்பார்கள்: "மணி சரியாய்க் காட்டினால் போதாதா சேர்? முகத்தில் என்ன இருக்கு?" முகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 2017 ஒக்டோபரில் நியூயோர்க்கில் நடிகர் போல் நியூமனின் ரோலெக்ஸ் டேட்டோனா ஏலத்தில் 17.75 மில்லியன் டொலருக்குப் போனது. அந்த வகை டயல் வந்த காலத்தில் அதை விரும்பி வாங்கியவர்கள் குறைவு. உள்ளே ஓடும் இயந்திரம் அதே காலத்துச் சாதாரண டேட்டோனாவில் உள்ளதுதான். வித்தியாசம் டயலில்: சின்ன வட்டங்களின் கோட்டு நுனியில் குட்டிச் சதுரங்கள், வேறு மாதிரி எழுத்து. ஆளின் பெயரோடு சேர்ந்து அந்தச் சதுரங்களுக்கும்தான் உலகம் விலை கொடுத்தது.

நம் வீட்டுச் சீக்கோவும் லேசான ஆள் இல்லை. தானாகவே சாவி ஏறும் குரோனோகிராஃப் உலகத்துக்கு முதன்முதலில் வந்த ஆண்டு 1969. சுவிஸ்காரர்களோடு போட்டியில் நின்று அந்த ஆண்டே கடைக்கு வந்தது 6139. 1973இல் விண்வெளி வீரர் வில்லியம் போக் ஸ்கைலாப் நிலையத்துக்குக் கொண்டுபோய் 84 நாள் வைத்திருந்ததும் இதே மஞ்சள் முகம்தான். அதைக் கல்ஃபில் வியர்வை சிந்திய நம் வாப்பாமார் கையில் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. பெயின்ற் அடித்த டயலை "ஒறிஜினல், புத்தம் புதுசு" என்று போனில் படம் போட்டு விற்கிறார்கள். இந்தியாவிலிருந்து வரும் இப்படியான மணிக்கூடுகளுக்குச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயரே "மும்பாய் ஸ்பெஷல்". மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரத் தானியம் என்று வைத்து விற்றவரின் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டுப் பார்த்த சம்பவத்தை மத்ரசாவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஈரத்தை மறைப்பதும் பெயின்றால் வயதை மறைப்பதும் ஒன்றுதான்.

வாங்குமுன் இவற்றைப் பாருங்கள்:

1. சீக்கோவின் பின்மூடித் தொடர் இலக்கத்தில் முதல் எண் ஆண்டு, இரண்டாவது மாதம். 6139இல் முதல் எண் 6 என்றால் 1976. தொடக்க கால டயல்களில்தான் "வாட்டர் 70 எம் புரூஃப்" என்று இருந்தது, பிறகு "ரெசிஸ்ட்" என்று மாறியது. 76ஆம் ஆண்டு மூடியோடு "புரூஃப்" டயல் வந்தால், அது வேறு இடத்து முகம்.

2. பழைய சுவிஸ் டயலின் அடியில் ஸ்விஸ் என்ற சொல்லின் இரு பக்கமும் "டி" எழுத்து இருந்தால் அது ட்ரிட்டியம் பூச்சு. அதன் கதிர்வீச்சு 12 ஆண்டு சொச்சத்தில் பாதியாகிவிடும். 50 வயது டயல் இரவு முழுக்கப் பளிச்சென்று ஒளிர்ந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

3. சாய்த்துப் பாருங்கள். கதிர்க் கோடு சுழல வேண்டும், சின்ன வட்டத்தின் வளையம் தெரிய வேண்டும்.

திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் போடுங்கள், முள்ளைச் சரி பண்ணுங்கள், காய்ந்த ரப்பர் வளையத்தைக் கட்டாயம் மாற்றுங்கள். நம் தீவில் உப்பும் ஈரமும் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. ஆனால் கொடுக்குமுன் டயலைக் கிட்டத்தில் படம் எடுத்து வையுங்கள். "முகத்தில் கை வைக்கக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நான் வாயால்கூட அதைச் சொல்லவில்லை. அது என் பிழை.

வாப்பாவிடம் மணிக்கூட்டைக் கொடுத்தபோது கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாய் இருக்கு மகன்" என்று சொல்லிவிட்டு மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் அதைக் கட்டவில்லை.