துப்பாக்கி உரிமம் மறுக்கப்பட்ட விவசாயி என்ன செய்வது?
பயிர்க்காவலும் ஆயுதமும் பற்றி எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

வளையமாதேவி வட்டார விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கத்துக்கு ஒரு கேள்வி வந்திருக்கிறது. பயிர்க்காவலுக்குத் துப்பாக்கி உரிமம் கேட்டு மறுக்கப்பட்டவர்கள், "மறைத்து வைத்திருந்தால்தானே குற்றம்? நாலு பேர் பார்க்கத் தோளில் போட்டுக்கொண்டு போகிறோம். சங்கம் கூட நிற்குமா?" என்று கேட்கிறார்கள்.

நிற்காது. உரிமம் இல்லாத துப்பாக்கியை மறைத்து வைத்திருந்தாலும் வெளியே தெரிய எடுத்துச் சென்றாலும் சங்கம் ஆதரிக்காது. அதே சமயம், காரணம் சொல்லாமல் உரிமத்தை மறுப்பதையும், காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கும் பாரத்தை விவசாயி தலையிலேயே கட்டுவதையும் நாங்கள் ஏற்கவில்லை.

இந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள வேதனை எங்களுக்குத் தெரியும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒருமுறை இறங்கினால் போதும். தின்றது கொஞ்சம், புரண்டு மிதித்தது அதிகம். மணிலாக் கொல்லையில் சால் சாலாகக் கிளறிவிட்டுப் போய்விடும். வரப்பைச் சுற்றிப் பழைய புடவை கட்டி, தகர டப்பா தட்டி, டார்ச் லைட்டோடு விடிய விடியக் கண் விழித்தும் பலன் இல்லாதபோதுதான் துப்பாக்கி நினைப்பு வருகிறது.

ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. உரிமம் உள்ளவரும்கூடப் பொது இடத்தில் துப்பாக்கியை உறையில் முழுக்க மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள். ஆகவே "வெளிப்படையாக" என்றொரு மாற்று வழி நம் நாட்டில் இல்லை.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி அரசியல் சாசன வழக்காகவே நடந்தது. மறைத்தோ வெளிப்படையாகவோ துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி கேட்டு மறுக்கப்பட்ட ஹவாய்க்காரர் ஜார்ஜ் யங் பல ஆண்டுகள் வழக்காடினார். அங்கே ஆயுதம் அடிப்படை உரிமை. நம் அரசியல் சாசனம் அப்படி ஓர் உரிமையைத் தரவில்லை என்பதை 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எம். ஜோசப், பி.வி. நாகரத்னா அமர்வு சுட்டிக்காட்டியது.

துப்பாக்கி வேண்டாம், அருவாளோடு ஊர்வலம் போகலாம் என்போருக்கும் எங்கள் பதில் அதேதான். வயலில் அருவாள் வேலைக் கருவி. விவசாயக் கருவிகளுக்குச் சட்டமே விலக்கு தருகிறது. கூட்டத்தில் உயர்த்திப் பிடித்தால் அந்த விலக்கை யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஆயுதம் வேண்டாம் என்பதற்கு இந்த மண்ணில் இன்னொரு காரணமும் உண்டு. 2023 ஜூலை 26 அன்று பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக மேல்வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. அந்தக் காட்சி நாட்டையே உலுக்கியது. பிறகு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். இடையில் ஜூலை 28 அன்று நெய்வேலியில் நடந்த போராட்டத்தில் கல்வீச்சும் தடியடியும் நடந்தன. போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. அதோடு பேச்சு பயிரிலிருந்து கலவரத்துக்கு மாறியது. விவசாயி கையில் ஆயுதம் தெரிந்த அன்றே நியாயம் கேட்டு வந்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பார். அந்த வாய்ப்பை யாருக்கும் தர நாங்கள் தயாராக இல்லை.

எனவே அரசிடம் கேட்கிறோம்:

1. உரிமத்தை மறுத்தால் ஆயுதச் சட்டம் பிரிவு 14 சொல்கிறபடி காரணத்தைப் பதிவு செய்து, கேட்டவருக்கு எழுத்தில் தர வேண்டும். பிரிவு 18-இன்படி எங்கே மேல்முறையீடு செய்வது என்பதும் அதே தாளில் தமிழில் இருக்க வேண்டும்.

2. உண்மையான பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைச் சட்டத்தின் 13ஆம் பிரிவே குறிப்பிடுகிறது. அந்த விண்ணப்பங்களை வயலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

3. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் ஊருக்கு வர வேண்டும். கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமம் உள்ளவர்களை அமர்த்தியது. அந்த அனுபவத்தையும் ஆராய வேண்டும்.

4. பயிர்ச் சேத இழப்பீடு அடுத்த நடவுக்குள் கைக்கு வர வேண்டும்.

உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. கள்ளத் துப்பாக்கியும் அவுட்டுக்காய் வெடியும் வேண்டாம். வேலியில் மின்சாரம் விடவும் வேண்டாம். அந்தக் கம்பியில் முதலில் சாவது தண்ணீர் பாய்ச்சப் போகும் நம் பிள்ளையாகவோ பக்கத்து வயல்காரராகவோ இருக்கலாம். உரிமம் மறுக்கப்பட்டவர்கள் மறுப்புக் கடிதத்தோடு சங்கத்துக்கு வாருங்கள். காரணம் கேட்கும் மனுவையும் மேல்முறையீட்டையும் நாங்கள் எழுதித் தருகிறோம். கலெக்டர் அலுவலகத்துக்குக் கூடவே வருகிறோம்.