சட்டம் கற்றோர் பட்ட கடன்

சென்ற திங்கள் எனக்கோர் அழைப்பிதழ் வந்தது. பள்ளியில் என்னிடம் தமிழ் பயின்று, பின்னர்ச் சட்டம் கற்று, இன்று வழக்குரைஞராய் விளங்கும் ஒருவர் விடுத்தது. தாம் பயின்ற சட்டக் கல்லூரியின் பழைய மாணவர் கழகம் ஆண்டுவிழா எடுப்பதாகவும், பழைய ஆசிரியர் என்ற உரிமையில் யானும் வந்திருக்க வேண்டும் என்றும் அவர் கைப்பட எழுதியிருந்தார். நான்கே வரி, நல்ல தமிழ். ஆனால் அழைப்பிதழோ முதலிலிருந்து முடிவு வரை ஆங்கிலம். அச்சகத்தின் பெயர்கூட ஆங்கிலத்திலேயே இருந்தது. அக்கழகத்தின் பெயரை ஈண்டுக் குறிக்க விரும்பவில்லை. அஃதொன்று மட்டுமே அவ்வாறிருப்பின் இக்கட்டுரைக்கே தேவை இராது.

நிகழ்ச்சி நிரலைப் படித்தேன். உயர்நீதிமன்ற நடுவர் ஒருவரின் தலைமையுரை, முதன்மை மதிப்பெண் பெற்றோர்க்குப் பொற்பதக்கம், கல்லூரி நூலகத்துக்கு நூற்கொடை, நண்பகல் விருந்து, மாலையில் இசை. கழகத்தின் நோக்கம் என்று முகப்பில் பொறித்திருந்ததைத் தமிழில் சொன்னால், 'சட்டக் கல்விக்குத் துணை நிற்றல்' என்றாகும். நல்ல நோக்கந்தான். எவர்தம் கல்விக்கு, எம்மொழிக் கல்விக்கு என்பதே என் வினா. வழங்கவிருந்த நூல்களின் பட்டியலையும் உடன் வைத்திருந்தனர். அதில் ஒன்றேனும் தமிழ்நூல் இல்லை.

(நீதி என்னும் சொல்லைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவேன். பாவாணர் நயன்மை என்றார். மன்றத்தின் பெயராக ஊரறிய நிலைத்துவிட்டதால் உயர்நீதிமன்றம் என்றே எழுதுகின்றேன், அன்பர்கள் பொறுத்தருள்க. சட்டம் என்னும் சொல்லைப் பற்றி அத்தகைய ஐயம் எனக்கில்லை. தச்சன் இழைத்துப் பொருத்தும் சட்டமும், நாட்டை ஒழுங்கில் நிறுத்தும் சட்டமும் ஒரே சொல்லே.)

சட்டத்துறையினர் தமிழுக்கு என்றும் அயலாராய் இருந்ததில்லை. நம் காவிரிப் படுகையிலேயே அதற்குச் சான்றுகள் உள. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகர், 1805 முதல் 1861 வரையிலான மேல்மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்துத் தொகுத்து 1862-இல் நூலாக வெளியிட்டார். அந்நூலின் பெயர் 'சித்தாந்த சங்கிரகம்'. பெயர் வடமொழி, பணியோ தமிழ்ப்பணி. வெள்ளையன் ஆண்ட அக்காலத்தில், மேலிடத்திலிருந்து எவரும் ஏவாமலே, தீர்ப்பு மக்கட்கு விளங்க வேண்டும் என்று ஒரு தமிழ் அலுவலர் எண்ணினார். குடந்தையில் வழக்குரைஞராயிருந்த சி. வை. தாமோதரனார் 1887-இல் கலித்தொகையை அச்சேற்றினார். நாகூரிற் பிறந்து, 1979 முதல் 1981 வரை சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நடுவராய் வீற்றிருந்த மு. மு. இசுமாயில் கம்பனில் தோய்ந்தவர். கம்பரைப் பற்றி நம் இயக்கத்தார் பலர்க்கு வேறு கருத்திருக்கலாம். அவருடைய தமிழ்ப்பற்றை எவரும் மறுக்கவியலாது.

சென்னைச் சட்டக் கல்லூரி 1891-இல் தோன்றியது. நூறாண்டுக்கு மேலாக உயர்நீதிமன்றத்தின் அருகே நின்று, அம்பேத்கர் பெயரையும் தாங்கி, 2018-இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பெயர்ந்தது. அக்கல்லூரியில் சட்டப் பேராசிரியராயிருந்தவர் கா. சுப்பிரமணியனார், எம்.எல். பிள்ளை என்று நாடறிந்தவர். கல்கத்தாவில் தாகூர் சட்டச் சொற்பொழிவு ஆற்றிய அவ்வறிஞரே தமிழிலக்கிய வரலாறும் எழுதினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தார். ஒரே தலைக்குள் சட்டமும் தமிழும் முட்டிக்கொள்ளாமல் வாழ்ந்தன.

அக்கல்லூரியின் பழைய மாணவர் என்று எண்ணும்போது, என் நெஞ்சில் முதலில் நிற்பவர் கரந்தைத் தமிழவேள் த. வே. உமாமகேசுவரனாரே. 1883-இல் பிறந்த அவர் சென்னையிற் சட்டம் பயின்று மீண்டு தஞ்சையில் வழக்காடினார். 1911-இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். 1941-இல் கண்மூடும் வரை முப்பதாண்டு அப்பொறுப்பைச் சுமந்தார். 'தமிழ்ப்பொழில்' இதழ், நூலகம், பள்ளி, புலவர் கல்லூரி என்று அச்சங்கம் கிளைத்த கிளைகளைத் தமிழர் அறிவர். சட்டம் அவர்க்குச் சோறு தந்தது. அச்சோற்றை உண்டு அவர் செய்தது என்ன என்பதையே இன்றைய பழைய மாணவர் கழகங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சங்கத்துக்கு இடம் வேண்டுமா, ஏடு வேண்டுமா, பிள்ளைகட்குப் பள்ளி வேண்டுமா என்று ஒவ்வொன்றாக முயன்று, பொருளுடையாரிடம் சென்று கேட்டுப் பெற்று, கட்டி எழுப்பினார். ஓர் ஊரின் எல்லையில் நின்று ஒரு மொழிக்கே வீடு கட்டிய பழைய மாணவர் அவர்.

அவர்க்குப் பின்வந்தோர்க்கு வாய்த்த வாய்ப்புகள் அவர்க்கு வாய்த்தனவற்றினும் பல. மதுரையில் 1974-இலும் திருச்சிராப்பள்ளியில் 1979-இலும் அரசு சட்டக் கல்லூரிகள் தோன்றின. பின்னர் நெல்லை, செங்கற்பட்டு, வேலூர் என்று பெருகின. அம்பேத்கர் பெயரால் சட்டப் பல்கலைக்கழகமும் 1997-இல் அமைந்தது. ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் வெளிவருகின்றனர். அவர்கள் கூடிக் கழகம் அமைப்பது இயல்பே. ஆனால் கல்லூரிக்குள் இப்பொழுது நுழையும் பிள்ளையின் நிலையை அவர்கள் அறிந்துள்ளனரா?

யான் அறிந்த ஒரு பிள்ளையின் நிலையைச் சொல்கின்றேன். முத்துப்பேட்டைக்குத் தெற்கே அலையாத்திக் காட்டோரத்துச் சிற்றூர். தாய் நாற்று நடுவார். தந்தை கோடையில் உப்பங்கழியில் மீன் பிடிப்பார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே படித்த பெண். படுகைப் பிள்ளைகள் நெடுங்காலமாய் நாடிச் செல்லும் திருச்சிராப்பள்ளிக்கே அவளும் சென்றாள். தேர்வைத் தமிழில் எழுத இசைவு உண்டு என்றதும் மகிழ்ந்தாள். ஆனால் வகுப்பில் சொல்லப்பட்ட முன்தீர்ப்புகள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. நூலகத்தில் அடுக்கடுக்காய் நின்ற தொகுதிகளும் ஆங்கிலமே. தமிழில் எழுதலாம், எதைப் படித்து எழுதுவது? முதலாண்டு விடுமுறையில் என்னிடம் வந்தவள், "ஐயா, எனக்குச் சட்டம் விளங்குகின்றது, அஃது எழுதப்பட்டுள்ள மொழிதான் விளங்கவில்லை" என்றாள். எனக்குச் சட்டமும் தெரியாது, அவ்வளவு ஆங்கிலமும் தெரியாது. அகரமுதலி ஒன்றை வைத்துக்கொண்டு இருவரும் ஒரு தீர்ப்பின் மூன்று பக்கங்களைப் படித்து முடிக்க ஒரு பகற்பொழுது ஆயிற்று. அத்தீர்ப்பு குத்தகை நிலத்தைப் பற்றியது. ஆங்கிலத்தை உரித்தெடுத்துப் பார்த்தால், அவள் தாய்க்கு நடவு வரப்பிலேயே தெரிந்த செய்திதான் உள்ளே இருந்தது.

தமிழில் சட்ட நூல்களே இல்லை என்று யான் சொல்லவில்லை. சட்டத்தமிழுக்கென்றே உழைத்த மா. சண்முக சுப்பிரமணியம் போன்றோர் நூல்கள் எழுதினர். அரசும் சில செய்துள்ளது. ஆனால் சட்டம் ஆண்டுதோறும் மாறுவது; ஒருமுறை எழுதிப் பேழையில் வைத்துவிடும் நூலன்று அது. திருத்தமும் புதுத்தீர்ப்பும் வரும்தோறும் நூலைப் புதுக்க வேண்டும். அரசுத் துறையினும் பழைய மாணவர் கழகமே அதற்குப் பொருத்தமான இடம். ஒவ்வொரு துறையிலும் நாள்தோறும் வழக்காடிப் பட்டறிவு பெற்றோர் அங்கேதான் இருக்கின்றனர்.

"உயர்நீதிமன்றம் ஆங்கிலத்தில் இயங்குகையில் தமிழில் படித்து என் செய்வது?" என்று கேட்போர் உளர். இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அரசியலமைப்புச் சட்டத்தின் 348-ஆம் பிரிவு உயர்நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலம் என்கின்றது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, குடியரசுத் தலைவரின் முன்னிசைவோடு ஆளுநர் மாநில மொழிக்கு இடந்தரலாம் என்கின்றது. அவ்வழியே இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கிலும் இந்தி உயர்நீதிமன்றம் ஏறிவிட்டது. தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை 2006 திசம்பரில் ஒருமனதாய்க் கேட்டது. 2012-இல் உச்சநீதிமன்ற நடுவர்கள் கூடி இயலாது என்றனர். இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு ஏன் அடைபட்டது என்பதற்கு நேரான மறுமொழி இன்றுவரை கிட்டவில்லை. அப்போராட்டம் நடக்கட்டும். ஆனால் உழவனும் கூலியாளும் முதலில் ஏறுவது உயர்நீதிமன்றப் படியா? திருத்துறைப்பூண்டியிலும் மன்னார்குடியிலும் உள்ள கீழ்மன்றப் படியன்றோ? கீழ்மன்றங்களில் சான்று பதியவும் தீர்ப்பெழுதவும் தமிழே மொழி என்று ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-இலேயே திருத்தம் செய்யப்பட்டது. தமிழில் சட்டம் கல்லாதவர் அம்மன்றத்தில் தமிழ்த் தீர்ப்பை எவ்வாறு எழுதுவார்? தயங்குவார், தயங்கி ஆங்கிலத்துக்கே மீள்வார். குறை மன்றத்தில் தொடங்கவில்லை, கல்லூரியில் தொடங்குகின்றது.

தீர்ப்பின் மொழி ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. 1968 திசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். நாகையில் நடந்த வழக்கில் 1970-இல் நிலக்கிழார் உள்ளிட்டோர்க்குச் சிறை விதிக்கப்பட்டது. 1973-இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஏன் விடுவித்தது என்பதை மாண்டோரின் உற்றார் ஒருவரும் தாமே படித்தறிய முடியவில்லை; தீர்ப்பு ஆங்கிலத்தில் இருந்தது. தம் மக்களை எரித்த நெருப்பைப் பற்றிய முடிவைப் பிறர்வாய்க் கேட்டே அவர்கள் அறிந்தனர். தமிழில் இருந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும் என்று யான் சொல்ல வரவில்லை. படித்துவிட்டுச் சினக்கும் உரிமையேனும் அவர்கட்கு இருந்திருக்கும்.

பிற நாட்டார் பழைய மாணவர் கழகத்தை எவ்வாறு பயன்கொண்டனர் என்பதையும் காண்க. அமெரிக்க ஆர்வர்டுச் சட்டப்பள்ளியின் பழைய மாணவர் கழகம் 1886-இல் அமைந்தது. பின்னாளில் அந்நாட்டு உச்சநீதிமன்ற நடுவரான பிராண்டைசு அதன் முதற் செயலாளர். மறு ஆண்டே அங்கு மாணவர் நடத்தும் சட்ட ஆய்விதழ் தோன்றியது; பழைய மாணவர் பொருளும் துணையும் தந்தனர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவ்விதழை உலகமே படிக்கின்றது. அவர்கள் இதழ் நடத்தியது தம் சொந்த மொழியில் என்பதை நினைவிற் கொள்க. நம் நாட்டிலும், பெங்களூரு நாட்டுச் சட்டப்பள்ளியின் பழைய மாணவரான சம்நாத் பசீர் 2010-இல் 'இடியா' என்னும் அமைப்பைத் தொடங்கி, எளிய வீட்டுப் பிள்ளைகளைச் சட்டக் கல்விக்குள் கொணரப் பாடுபட்டார். அவர் 2019-இல் மறைந்தார். உயர்ந்த தொண்டு, வணங்குகின்றேன். ஆனால் அப்பிள்ளைகள் எழுத வேண்டிய பொது நுழைவுத் தேர்வு ஆங்கிலத்திலேயே நடப்பது. திருச்சிராப்பள்ளியருகே தமிழர் பொருளில் எழுந்த தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திற்கும் அத்தேர்வே வாயில். படகுத்துறைப் பெண்ணுக்கு அவ்வாயில் மிக உயரம்.

2024 சூலை முதல் நாள் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் பாரதிய நியாய சன்கிதா முதலான வடமொழிப் பெயர்களோடு நடைமுறைக்கு வந்தன. நம் வழக்குரைஞர்கள் மன்றத்தைப் புறக்கணித்து வீதிக்கு வந்தனர். பெருமைதான். அப்பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று முழங்கியோர், தம் பழைய மாணவர் கழகத்துக்குத் தமிழ்ப்பெயர் சூட்டினரா? மூன்று சட்டங்களுக்கும் தமிழில் விளக்கவுரை எழுதிக் கல்லூரி மாணவர் கையில் கொடுத்தனரா? புறக்கணிப்பு ஒரு கிழமையில் முடியும். உரை எழுதினால் ஒரு தலைமுறைக்கு நிற்கும். ஆனால் அதற்கு அமர்ந்து உழைக்க வேண்டும்.

பட்டம் பெற்ற பின்னும் அப்பிள்ளைக்கு வழி எளிதாவதில்லை. பதிவுக் கட்டணச் சுமையை உச்சநீதிமன்றம் 2024 சூலையில் தளர்த்தி, சட்டம் குறித்த 750 உருபாவுக்கு மேல் கேட்கலாகாது என்றது. அதே ஆண்டில், இளம் வழக்குரைஞர்க்குத் திங்கள்தோறும் 15,000 முதல் 20,000 உருபா தரவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் நெறிப்படுத்தியது. ஊர்ப்புறத்து மூத்த வழக்குரைஞர் பலர்க்கு அவ்வளவு தரும் வருவாய் இல்லை என்பதும் உண்மையே. இங்கும் கழகத்தின் கை நீள இடமுண்டு: விருந்தின் செலவைக் கொண்டே ஓரிருவர்க்கு ஓராண்டு துணை நிற்கலாம்.

விழாவுக்கு யான் செல்லவில்லை. அழைத்த வழக்குரைஞர்க்கு மடல் எழுதினேன். பொற்பதக்கம் ஒன்றைக் குறைத்து, தீங்கியல் சட்டத்துக்குத் தமிழில் ஒரு பாடநூலை உங்கள் கழகம் இவ்வாண்டு வெளியிடட்டும். வழக்காடுவோர் மூவர் எழுதுக. தமிழ் திருத்தித் தருவது என் பொறுப்பு, ஊதியம் வேண்டா என்றேன். பத்து நாள் கழித்து மறுமொழி வந்தது. செயற்குழுவில் படித்தனராம், இருவர் நகைத்தனராம், ஒருவர் மட்டும் எழுத ஒப்பினாராம். அவ்வொருவர் யார் என்று கேட்டெழுதியுள்ளேன். முதல் இயலின் கைப்படி வந்ததும் அலையாத்திக் காட்டோரத்து அப்பெண்ணிடமே அதைப் படிக்கக் கொடுக்க எண்ணியுள்ளேன். அவள் விளங்கவில்லை என்று கோடிட்ட இடங்களை மூவரும் மாற்றி எழுதட்டும்.