சீமெந்தை அரிக்கும் உப்பு

தரவையோரத்தில் வீடு கட்டத் தொடங்கியிருக்கும் அன்பர் ஒருவர் சென்ற கிழமை என்னிடம் வந்தார். அயலிலுள்ள மதிலொன்றின் அடிப்பக்கம் மாவாக உதிர்வதைக் கண்டு அஞ்சியிருந்தார். "சல்பேற்றைத் தாங்கும் சீமெந்தென்று ஒன்று உண்டாமே, விலை கூடினாலும் அதையே வாங்கட்டுமா, மாஸ்ரர்?" என்று வினவினார். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணம் அது. அத்திவாரத்தை மண்ணால் மூடிவிட்டால் பின்னர் திறந்து பார்ப்பதும் இயலாது. எனவே வினா சிறிதன்று.

சீமெந்து என்பது சுண்ணக்கல்லையும் களிமண்ணையும் ஏறக்குறைய 1450 பாகை செல்சியசில் சுட்டு, சிறிது ஜிப்சம் கலந்து அரைத்த தூளாகும். களிமண்ணிலுள்ள அலுமினியம் சூளையிலே சுண்ணாம்புடன் கூடி, முக்கல்சியம் அலுமினேற்று என்னும் சேர்வையாகிறது. நீர் பட்டதும் இது மிக விரைந்து இறுகும். அவ்விரைவைத் தணிக்கவே ஜிப்சம் சேர்க்கின்றனர். ஜிப்சமும் ஒரு சல்பேற்றே! பையினுள் நண்பனாயிருக்கும் உப்பு, மண்ணிலிருந்து வரும்போது பகையாவது ஏன்?

சாந்து குழைவாயிருக்கையில் உண்டாகும் பளிங்குகள் ஒதுங்க இடமுண்டு. இறுகிய கொங்கிறீற்றில் அவ்விடமில்லை. நிலத்தடி நீரோடு ஊறிவரும் சல்பேற்று, உள்ளே எஞ்சிய அலுமினேற்றுச் சேர்வைகளுடன் கூடி எற்றிங்கைற்று என்னும் ஊசிப் பளிங்குகளாகிறது. இவற்றின் ஒவ்வொரு கூறும் 32 நீர் மூலக்கூறுகளை ஏற்றுப் பருக்கின்றது. பருத்தால் வெடிக்கத்தானே வேண்டும்? செர்மனிய அறிஞர் மிக்காயெலிஸ் 1892இல் இதனைச் சீமெந்தின் நோய்க்கிருமி என்றே அழைத்தார்.

இந்நோய்க்கு மருந்து தேடியோரில் ஐஸ்லாந்திற் பிறந்து கனடாவில் வளர்ந்த தோர்வால்ட்சன் குறிப்பிடத்தக்கவர். அந்நாட்டின் மேற்குச் சமவெளியில் மழை குறைவு. மண்ணிலே சோடியம், மகனீசியச் சல்பேற்றுகள் மிகுதி. அங்கே கட்டிய கொங்கிறீற்று அத்திவாரங்கள் சில ஆண்டுகளிலேயே உதிரலாயின. சஸ்காச்சுவான் பல்கலைக்கழக இரசாயனப் பேராசிரியரான அவர், 1920ஆம் ஆண்டுகளில் சீமெந்தின் சேர்வைகளைத் தனித்தனியே ஆக்கி, சல்பேற்றுக் கரைசல்களில் இட்டு ஆராய்ந்தார். சல்பேற்றைத் தாங்கும் சீமெந்து உருவாவதற்கு அவ்வாய்வுகள் பெரிதும் உதவின.

செய்முறை எளிது. மூலப்பொருளில் இரும்புத் தாதுவைக் கூட்டினால், அலுமினியத்தின் பெரும்பகுதி இரும்புடன் சேர்ந்து தீங்கு குறைந்த வேறொரு சேர்வையாகிவிடும். சாதாரண சீமெந்தில் முக்கல்சியம் அலுமினேற்று நூற்றுக்கு 8 முதல் 12 வரை இருப்பதுண்டு. பிரித்தானிய நியமம் இவ்வகைச் சீமெந்துக்கு 3.5 என்றும், அமெரிக்க, இந்திய நியமங்கள் 5 என்றும் மேலெல்லை வகுத்தன.

ஆயினும் அன்பருக்கு நான் உடனே "வாங்குங்கள்" என்று கூறவில்லை. உவர் நிலம் யாவும் சல்பேற்று நிலமன்று. கடலோரத்து உவரில் மிகுந்திருப்பது கறியுப்பாகிய குளோரைட்டு. அது கம்பியைத் துருப்பிடிக்கச் செய்வது. அலுமினேற்றோ அக்குளோரைட்டில் ஒரு பகுதியைப் பிணித்து வைக்கும் தன்மையுடையது. அதனைக் குறைத்த சீமெந்தைக் கம்பிக் கொங்கிறீற்றுக்கு இட்டால், ஒரு பகையைத் தடுத்து மற்றொன்றுக்குக் கதவு திறந்தவராவோம். இரண்டும் உள்ள இடத்தில் அனற்சாம்பலோ இரும்புலைக் கசடோ தக்க அளவிற் கலந்த சீமெந்து நன்று. அயல் மதிலின் உதிர்வும் வெறும் உப்புப் பூத்தலாக இருத்தல் கூடும்.

மண்ணில் நீரிற் கரையும் சல்பேற்று நூற்றுக்கு 0.1க்குக் குறைந்தால் சாதாரண சீமெந்தே போதும், 0.2ஐத் தாண்டினால் தாங்கும் சீமெந்து வேண்டும். எதை வாங்கினும் தண்ணீரிற் கவனம் தேவை. கடுமையான நிலத்தில் 50 கிலோப் பையொன்றுக்கு, மணலின் ஈரமும் உட்பட, 22 லீற்றரளவே தகும். குழைப்பதற்கு இலகுவென்று மேசன்மார் இன்னுமொரு வாளி ஊற்றுவர். அந்நீர் உலர்ந்து விட்டுச்செல்லும் நுண்துளைகள் வழியாகவே உப்பு நுழைகிறது. விலையுயர்ந்த சீமெந்தை அந்த ஒரு வாளி வீணாக்கிவிடும்.

அன்பர் நாளை கிணற்று நீரைப் போத்தலில் எடுத்துக்கொண்டு பரிசோதனைக்குச் செல்கிறார். மண்ணை மேலாக அள்ளாமல், அத்திவார ஆழத்திலிருந்து எடுக்கும்படி சொல்லியிருக்கிறேன்.