கோமாளிக்குச் சிலை வைத்தால் என்ன தப்பு?



அடிலெய்டில் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், ஹிண்ட்லி தெருவில் ஒரு சிலைக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தைப் போன வாரம் போட்டிருந்தேன். "டீச்சர், இந்தக் கோமாளிக்கா சிலை?" என்று ஒருவர். "சித்தி, பர்லெஸ்க்னா அரைகுறை ஆடை ஆட்டம். வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு இது?" என்று அக்கா மகன். அவனுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவள் நான். பதில் சொல்லாமல் விட முடியுமா?

பர்லெஸ்க் என்றால் முதலில் நையாண்டி நாடகம். 19ஆம் நூற்றாண்டு மெல்போர்னில் கிரேக்கப் புராணம், ஷேக்ஸ்பியர், ஆப்பரா எல்லாவற்றையும் தலைகீழாக்கி ஆடினார்கள். பெண்கள் இளவரசன் வேடம் கட்டுவார்கள், ஆண்கள் கிழவி வேடம். லண்டனில் எழுதிய நாடகம் கப்பலில் வரும். அதற்குள் உள்ளூர் அரசியலையும் உள்ளூர் வம்பையும் நுழைத்துவிடுவார்கள். சீமைச் சரக்கைத் தங்கள் சரக்காக்கிக்கொண்ட சாமர்த்தியம் அது.

சிலையில் நிற்பவர் ராய் ரெனே. 'மோ' என்றால்தான் அங்கே தெரியும். 1891இல் அதே ஊரில் பிறந்த யூதர். 1916 முதல் நாட் பிலிப்ஸுடன் சேர்ந்து 'ஸ்டிஃபி - மோ' ஜோடியாக ஆடினார். முகமெல்லாம் வெள்ளை, தாடிக்குக் கறுப்பு மை, எச்சில் தெறிக்கும் பேச்சு. ஆபாசம் என்று அன்றைக்கும் திட்டினார்கள். அவர் செய்தது என்ன? சாதாரணமாக ஒரு வார்த்தையைச் சொல்வார், நிறுத்துவார், கூட்டத்தைப் பார்த்து ஒரு முழி முழிப்பார். மீதியைக் கற்பனை செய்துகொண்டது யார்? உட்கார்ந்திருந்தவர்கள்தானே!

உச்சி மாடத்தில் மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்த தொழிலாளி, தன்னைப்போலப் பேசும் ஒருவன் பெரிய மனிதர்களிடம் அசராமல் வாயாடுவதைக் கண்டான். அந்த ருசிக்குத்தான் திரும்பத் திரும்ப வந்தான். அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் மோவும் இல்லை. 1934இல் கென் ஹால் அவரை வைத்து 'ஸ்ட்ரைக் மி லக்கி' என்று படம் எடுத்தார். எடுபடவில்லை. கேமரா திருப்பிச் சிரிக்காதே!

அந்த மேடையில் நடந்த எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. டிவோலி அரங்குகளில் பெண்களை ஆடையில்லாமல் அசையாமல் நிறுத்திக் காட்டியதும் உண்டு. முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்ததும் உண்டு. அதைச் சொல்லித் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் 'கோமாளிதானே' என்று மட்டும் திட்டாதீர்கள்.

ஏன் இவ்வளவு கோபம் என்கிறீர்களா? முப்பது வருடத்துக்கு முன் ஆண்டு விழா ஒத்திகையில் ஒரு பையன் என் நடையையும், நான் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிடுவதையும் அப்படியே செய்துகாட்டினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அவனை விழாவிலிருந்தே எடுத்துவிட்டேன். ஒழுக்கம் என்று பெயர் சொன்னேன். உண்மையில் எனக்கு ரோஷம்.

அவன் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறான். தம்பி, நீ செய்தது அச்சு அசல். கண்ணாடி இன்னும் மூக்கில் நிற்பதில்லை.