கணக்கு வரலையா, பயாலஜி எடு!

பத்தாவது ரிசல்ட் வந்ததும் நம்ம மதுரைப் பக்கம் வீட்டுக்கு வீடு கேக்குற வசனம் இது. பதினஞ்சு வயசுல கணக்குக்குக் கும்பிடு போட்ட புள்ள, பிளஸ் டூ தாவரவியல், விலங்கியல் முடிச்சு நேரா மைக்ரோபயாலஜி லேப்ல வந்து நிக்குது.

அங்க என்ன வேலை? வைகைத் தண்ணியில எத்தனை பாக்டீரியான்னு எண்ணணும். 1 மில்லி தண்ணியை 9 மில்லி உப்புக்கரைசல்ல விட்டா பத்து மடங்கு டைல்யூஷன். 10 மில்லியில விட்டா? பதினோரு மடங்கு. 'இவ்வளவுதானா'ன்னு சொல்லாதீங்க சாமி. ஆறு தடவை தொடர்ந்து அப்படியே செஞ்சா 10 லட்சம் மடங்கு வரவேண்டிய எடத்துல 17,71,561 வந்து நிக்கும். தட்டுல எண்ணினதை 10 லட்சத்தால பெருக்கி நோட்டுல எழுதுறோம். நிஜத்துல இருக்குற கிருமியில பாதிக்குக் கொஞ்சம் மேலதான் கணக்குல வருது!

புள்ளைங்களைத் திட்டி என்ன பிரயோசனம்? பல காலேஜ்ல லேப் அசிஸ்டென்ட் அண்ணன் கரைசலை முன்னாடியே கலக்கி பாட்டில்ல வெச்சுடறார். அதான் பயோஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பர் இருக்கேம்பாங்க. இருக்குங்க. கை-ஸ்கொயர் ஃபார்முலா மனப்பாடம். 250 மில்லி 1 மோலார் உப்புக்கரைசலுக்கு எத்தனை கிராம்னு கேட்டா முழிப்பு. (58.44ஐ நாலால வகுத்தா 14.61. அம்புட்டுதேன்.)

இதுக்குன்னு தனியா ஒரு கணக்கு வாத்தியாரைப் போட்டு அல்ஜீப்ரா நடத்தினா மறுபடி ஓடிருவாங்க. முதல் செமஸ்டர்லயே தராசையும் பிப்பெட்டையும் கையில குடுங்கய்யா. அவங்களே கணக்குப் போட்டு, அவங்களே கலக்கட்டும். தப்பா வந்தா கொட்டிட்டுத் திரும்பக் கலக்கட்டும். உப்பு என்ன தங்கம் விலையா விக்குது?