பிழை நாணயம் எது: சேகரிப்போர் சங்கத்தின் நிலைப்பாட்டு அறிக்கை

நாணயச்சாலைக்குள் நேர்ந்த இன்ன காரணத்தால் இந்த மாற்றம் வந்தது என்று காட்ட முடிந்தால் மட்டுமே ஒரு காசைப் பிழை நாணயம் என்று அழைக்க வேண்டும். அதைக் காட்டும் பொறுப்பு விற்பவருடையது. இதுவே எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு. பார்வைக்கு வித்தியாசமாக இருப்பது சான்று ஆகாது. அச்சிலிருந்து விழுந்த பிறகு ஒரு காசு உண்டியலிலும் கல்லாப்பெட்டியிலும் நடத்துநர் பையிலும் ஆண்டுக்கணக்கில் உரசுகிறது. சில காசுகள் வேண்டுமென்றே சுத்தியலுக்கும் அரத்துக்கும் அமிலத்துக்கும் ஆளாகின்றன. அந்தக் காயங்களுக்கெல்லாம் ‘எரர் காயின்’ என்று பெயர் சூட்டி விற்கும் பழக்கம் பெருகியிருப்பதால், சங்கம் தன் கருத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காரணத்தைக் கண்டறிய முடியுமா என்று கேட்கலாம். பெரும்பாலும் முடியும், ஏனென்றால் உலோகம் தடயம் விடாமல் மாறுவதில்லை. தகட்டிலிருந்து வட்ட வில்லை வெட்டப்படுகிறது. அதன் விளிம்பு உருட்டி உயர்த்தப்படுகிறது. பிறகு காலர் என்னும் வளையத்துக்குள் இரண்டு அச்சுகள் அதை அழுத்துகின்றன. வெட்டும்போதே ஓரம் குறைந்துபோன வில்லை விளிம்பு உயர்த்தும் இயந்திரத்தில் சரியாக அழுந்தாது. அதனால் குறைந்த இடத்துக்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் பெரும்பாலும் மங்கியே இருக்கும். பிற்பாடு அரத்தால் தேய்த்துக் குறைத்த காசில் எதிர்ப்பக்க விளிம்பு முழுமையாக இருக்கும். அச்சில் விரிசல் விழுந்தால் உலோகம் அதற்குள் புகுந்து, காசின்மேல் மேடான கோடாக எழும். காசில் விழுந்த கீறல் பள்ளமாகவே இருக்கும். லென்ஸை வைத்து மேடா பள்ளமா என்று பார்த்தாலே பாதி வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரட்டை அச்சு என்ற பெயரில் நடக்கும் குழப்பமே மிகப் பெரியது. இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு 1955ஆம் ஆண்டின் அமெரிக்க லிங்கன் சென்ட். அச்சு உருவாக்கும்போது மூல முத்திரை அதில் ஒரு முறைக்கு மேல் பதிக்கப்பட்டது. இடையில் சற்றே திரும்பிவிட்டதால் ஆண்டும் வாசகமும் அச்சிலேயே இரட்டையாக அமைந்தன. பிலடெல்பியா நாணயச்சாலையிலிருந்து அப்படிப்பட்ட காசுகள் 20,000-க்கு மேல் புழக்கத்துக்குப் போனதாக மதிப்பிடுகிறார்கள். பிழை அச்சிலேயே இருந்ததால் ஒவ்வொரு காசிலும் அது அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கிறது: இரண்டு உருவும் உருண்டு திரண்டு, எழுத்து முனைகளில் பிளவோடு நிற்கும். தளர்ந்த அச்சு அடியின் கடைசிக் கணத்தில் நகர்ந்தாலும் இரட்டைபோலத் தெரியும். ஆனால் அது எழுத்தின் ஓரத்தைத் தட்டையான படியாகச் சிதைக்கும். எழுத்து அகலாது, மெலியும். இந்த நகர்வு சர்வசாதாரணமானது. அதே 1955இல் தேய்ந்த அச்சால் மங்கலாக இரட்டித்த சென்ட்களும் உண்டு. அவற்றையும் அரிய இரட்டை அச்சாக நினைத்து வாங்குவோர் இன்றும் இருக்கிறார்கள். இந்திய எஃகுக் காசுகளில் ‘டபுள் டை’ என்று காட்டப்படுபவற்றை நாங்கள் இந்த அளவுகோலால்தான் பார்ப்போம்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல், வடிவ வேறுபாட்டையே பிழை என்று சொல்வது. பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வந்திருப்பதாகவும் எல்லாமே செல்லும் என்றும் ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்க வேண்டியிருந்தது. ரூபாய்க் குறியீடு 2010இல்தான் ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய காசில் அது இல்லாதது விடுபாடு அல்ல. 9 கிராம் எடையில் இருந்த ஐந்து ரூபாய் 2007இல் 6 கிராம் எஃகுக் காசானது. எடை குறைந்ததும் பிழை அல்ல. கொல்கத்தா காசில் நாணயச்சாலைக் குறியே இருக்காது. 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் ஹெச் என்ற எழுத்து இருந்தால், அது பர்மிங்ஹாமில் அச்சிடப்பட்டது என்பதன் அடையாளம். பழங்காசுகளுக்கு இந்தச் சொல்லே பொருந்தாது. ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசில் உருவம் ஓரம் தள்ளி விழுந்திருந்தால், அது கையால் அடிக்கும் முறையின் இயல்பு.

அச்சுக் குறைகள் விஷயத்தில் எங்கள் முடிவு சிலருக்குக் கசக்கலாம். விரிசல், சில்லு பெயர்வு, பசை அடைத்து எழுத்து மறைதல் ஆகியவை ஓர் அச்சின் ஆயுளில் வரும் கட்டங்கள். அவற்றைச் சேகரிப்பது நல்ல பழக்கம். ஒரே அச்சின் விரிசல் காசுக்குக் காசு வளர்வதை வரிசையாக அடுக்கிப் பார்ப்பது இந்தத் துறையின் அருமையான ஆய்வுகளில் ஒன்று. ஆனால் அவற்றை அச்சு நிலை என்றே குறிக்க வேண்டும். பசை அடைத்ததால் ஓர் எழுத்து மங்கிய காசை அரும்பிழை என்று விலையேற்றுவதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

விலையைச் சந்தைதான் தீர்மானிக்கும், சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று வணிகர்கள் கேட்கிறார்கள். விலையில் நாங்கள் தலையிடவில்லை, விவரிப்பில்தான் தலையிடுகிறோம். வாங்குபவருக்குப் பொருள் இன்னதென்று தெரியாதபோது அங்கே உருவாகும் விலைக்கு அர்த்தமில்லை. சிறு சேகரிப்பாளரால் ஆய்வுக்கூடத்துக்குப் போக முடியுமா என்பது நியாயமான கேள்வி. பத்து மடங்கு லென்ஸ், நூறில் ஒரு கிராம் காட்டும் தராசு, ஒரு காந்தம் ஆகியவை போதும். காந்தம் எஃகுக் காசை இழுக்கும், குப்ரோ நிக்கல் என்னும் செம்பு-நிக்கல் கலவைக் காசை இழுக்காது. அமிலத்தில் மெலிந்த காசைத் தராசு காட்டிக்கொடுக்கும். சான்றளிக்கும் நிறுவனங்களிடமே விட்டுவிடலாம் என்பாரும் உண்டு. அவர்களின் உதவியை மதிக்கிறோம். ஆனால் அவர்களின் பிளாஸ்டிக் உறைகளுக்கே போலிகள் வந்துவிட்டன. மேலும், நூறு ரூபாய் காசுக்கு ஆயிரம் ரூபாய் கட்டணம் யாரும் கட்டமாட்டார்கள். சில காசுகளுக்கு நிபுணரும் காரணம் சொல்ல முடியாமல் போகும் என்பது உண்மை. அவற்றைக் ‘காரணம் தெளிவாகவில்லை’ என்ற குறிப்போடு தாராளமாக விற்கலாம், வாங்கலாம்.

ஆகவே, எங்கள் கண்காட்சிகளிலும் ஏலங்களிலும் பிழை நாணயம் என்று வைக்கப்படும் ஒவ்வொரு காசுக்கும் எடை, விட்டம், இரு முகங்களோடு விளிம்பின் படம், பிழை நேர்ந்த கட்டம் ஆகியவை எழுத்தில் தரப்பட வேண்டும். தராத காசு மேசைக்கு வராது. பொதுமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்களிடம் இருக்கும் காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி யாராவது கட்டணமோ வரியோ முன்பணமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை, தன் பெயரில் அதற்குக் கட்டணம் வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது.